ரீல் ஓடுது, கடை ஓடல: கோளாறு எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கிற வழி

சின்னதா கடை வச்சிருக்கவங்க, வீட்டுல இருந்தே சேலை, ஊறுகாய், கேக்குன்னு விக்கறவங்க எல்லாரும் இன்ஸ்டா, வாட்ஸ்அப், கூகுள் மேப் வியாபாரத்தை பத்தி சொல்ற புகாரை கூட்டிப் பாத்தா ஒரு பத்து தான் தேறும், அதே பத்து தான் ஆள் மாத்தி ஆள் சொல்றாங்க. ஆனா எல்லாரும் கடைசில போய் நிக்கிற இடம் ஒண்ணு, "அல்காரிதம் மாத்திட்டாங்கப்பா", அதாவது யாருக்கு எதை காட்டணும்னு ஆப் போடற கணக்கை. வீட்டுல தண்ணி வரலைன்னா நேரா மோட்டாரையா கழட்டுவோம், டேங்க்ல இருக்கா, வால்வு தொறந்திருக்கான்னு தானே மொதல்ல பாப்போம். இங்கயும் அதே தான். வாங்கற ஆள் எந்த இடத்துல நின்னுட்டு திரும்பிப் போறாங்க? கண்ணுலயே படலையா, பாத்தும் உள்ள வரலையா, விலை கேட்டுட்டு போயிட்டாங்களா, பணம் போடற நேரத்துல போயிட்டாங்களா? இதுக்கு பதில் தெரியாம காசு கட்டி போஸ்ட்டை நிறைய பேருக்கு காட்டற பூஸ்ட் பட்டன்ல கை வைக்காதீங்க. என் பார்வைல முக்கால்வாசி கோளாறு ரீச்ல (எத்தனை பேர் கண்ணுல படுதுங்கறதுல) இல்ல, ரீச்சுக்கு அப்புறம் தான் இருக்கு.

உதாரணத்துக்கு சேலை வியாபாரத்தையே எடுத்துக்கறேன், இளம்பிள்ளை, சின்னாளப்பட்டி, ஈரோடு பக்கம் சரக்கு எடுத்து இன்ஸ்டால விக்கறவங்க ஊருக்கு நாலு பேர் இருக்காங்க. பேக்கரி, ஏசி சர்வீஸ் காரங்க உங்க சரக்கை வச்சு படிச்சுக்கோங்க.

"போன மாசம் வரைக்கும் நல்லா போச்சு, இப்ப வியூஸே இல்ல"

மொதல்ல இன்ஸ்டா செட்டிங்ஸ்ல "அக்கவுண்ட் ஸ்டேட்டஸ்"னு ஒண்ணு இருக்கும், அதை தொறந்து பாருங்க. உங்களை ஃபாலோ பண்ணாதவங்களுக்கு உங்க போஸ்ட்டை காட்டலாமா கூடாதான்னு அதுலயே போட்டிருக்கும், எந்த போஸ்ட்ல பிரச்சனைன்னும் சொல்லும், அங்க இருந்தே அப்பீல் பண்ணலாம். அங்க எல்லாம் பச்சை டிக்கா இருந்துச்சுன்னா சொல்லாமலே நம்ம போஸ்ட்டை ஒளிச்சு வைக்கறாங்கங்கற "ஷேடோ பேன்" கதையை அதோட விட்டுடுங்க.

அடுத்து பாக்க வேண்டியது, வீடியோ யாரோடதுன்னு. அடுத்தவங்க கிட்ட எடுத்து விக்கற ரீசெல்லர்களுக்கு பெரிய அடி இங்க தான். சப்ளையர் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு வீடியோ போடுவார், அதே வீடியோவை அதே பின்னணி பாட்டோட நூறு பேர் எடுத்து அவங்கவங்க பேஜ்ல போடுவாங்க, சில பேர் சப்ளையர் லோகோ மேலயே தன் லோகோவை ஒட்டி விடுவாங்க. 2024 ஏப்ரல்ல இன்ஸ்டாகிராமே இதை தெளிவா அறிவிச்சுது: 30 நாளைக்குள்ள 10 தடவையோ அதுக்கு மேலயோ அடுத்தவங்க கன்டென்ட்டை அப்படியே எடுத்து போடற அக்கவுண்ட்டை புது ஆளுங்களுக்கு ரெக்கமண்ட் பண்ண மாட்டோம், ஒரே வீடியோ பல இடத்துல இருந்தா ஒரிஜினலை தான் முன்னாடி காட்டுவோம்னு. வேற ஆப்போட வாட்டர்மார்க் இருக்கிற வீடியோவை குறைச்சு காட்டறது 2021ல இருந்தே நடக்குது. அதனால சப்ளையர் வீடியோவை போட்டுட்டு ரீச் வரலன்னு புலம்பறதுல அர்த்தமே இல்ல. சேலையை கைல எடுங்க, ஜன்னல் பக்கத்துல நில்லுங்க, முந்தியை விரிச்சு காட்டுங்க, பார்டரை விரலால தடவி காட்டுங்க, உள்பக்கம் நூல் எப்படி இருக்குன்னு ஒரு தடவை திருப்பி காட்டுங்க, விலையை வாயால சொல்லுங்க. போன் கேமரா தாராளமா போதும், முகம் காட்ட இஷ்டம் இல்லன்னா கை மட்டும் தெரிஞ்சா கூட போதும்.

மூணாவது, என்னத்தை போடறீங்க. இன்ஸ்டாகிராம் தலைவர் ஆடம் மொசேரி 2025 ஜனவரில சொன்னது, ரேங்கிங்ல முக்கியமா மூணு விஷயம் பாக்கறோம்: எவ்ளோ நேரம் பாக்கறாங்க, லைக், அப்புறம் அடுத்தவங்களுக்கு அனுப்பறது. புது ஆளுங்க கிட்ட போய் சேர்றதுக்கு இந்த அனுப்பறது தான் ரொம்ப முக்கியம். இப்ப நீங்களே சொல்லுங்க, மூலைல லோகோவும் போன் நம்பரும் போட்ட ஆடிப்பெருக்கு வாழ்த்து போஸ்டரை யாராவது யாருக்காவது அனுப்புவாங்களா? "அக்கா, சித்தி பொண்ணு நிச்சயத்துக்கு இது எப்படி இருக்கும்"னு அனுப்பற மாதிரி இருக்கணும். ஹேஷ்டேக்கு முப்பது போடற காலமெல்லாம் முடிஞ்சுது, சம்பந்தப்பட்டது நாலஞ்சு போதும்.

ஒரு கிவ்அவே வச்சு ஃபாலோவர் ஏத்தினதுக்கு அப்புறம் வியூஸ் படுத்துச்சுன்னா காரணம் அந்த கிவ்அவே தான். பரிசுக்கு வந்தவங்க சேலை வீடியோ வந்தா தள்ளிவிட்டுட்டு போவாங்க. காசு குடுத்து ஃபாலோவர் வாங்கியிருந்தா அதை விட மோசம், அந்த பேஜை திருப்பி தூக்கி நிறுத்தறதை விட புதுசா ஆரம்பிக்கறது சில சமயம் ஈஸி.

"வியூஸ் லட்சத்துல போகுது, ஆர்டர் மட்டும் இல்ல"

யார் பாத்தாங்கன்னு இன்சைட்ஸ்ல பாருங்க, ஊர், வயசு, ஆண் பெண் எல்லாம் இருக்கும். காமெடி ரீல் போட்டு வைரல் ஆகி, பாத்தவங்க பூரா காலேஜ் பசங்களா இருந்தா 1,800 ரூபா சாஃப்ட் சில்க் யார் வாங்குவா. அந்த ரீலை நினைச்சு சந்தோஷப்படலாம், கணக்குல சேக்க வேண்டாம்.

பாத்தது சரியான ஆளுங்க தான்னா, அவங்க உங்க புரொஃபைலுக்கு வந்து என்ன பாக்கறாங்கன்னு வேற ஒரு போன்ல தொறந்து பாருங்க. பயோல என்ன இருக்கு? "ஃபேஷன் லவ்வர், ட்ரீமர், மாம் ஆஃப் டூ". எந்த ஊர், என்ன விக்கறீங்க, எவ்ளோல இருந்து ஆரம்பம், எப்படி வாங்கறது, ஒண்ணுமே இல்ல. கேப்ஷன்ல வாட்ஸ்அப் லிங்க் போட்டிருப்பாங்க, அதை தொட்டா ஒண்ணும் ஆகாது, ரீல் கேப்ஷன்ல லிங்க் வேலை செய்யாது, பயோலயும் ஸ்டோரிலயும் தான் செய்யும். சாப்பாட்டு சாமான் விக்கறவங்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) நம்பரை பயோலயே போடுங்க, வீட்டுல செஞ்சு வித்தாலும் அந்த பதிவு வேணும், அது இல்லாம இட்லிப்பொடி வாங்க யோசிக்கறவங்க இப்ப நிறைய பேர். அப்புறம் பயோலயே பெரிய எழுத்துல "நோ ரிட்டர்ன் நோ எக்ஸ்சேஞ்ச்"னு போடற பழக்கம், இது எனக்கு புரியவே புரியாத ஒண்ணு, கடை வாசல்ல நின்னு வரவங்களை முறைக்கற மாதிரி இருக்கு. டேமேஜ் இருந்தா பார்சல் பிரிக்கற வீடியோ அனுப்புங்க, மாத்தி தரோம்னு போடுங்க, விஷயம் அதே தான், கேக்கறவங்களுக்கு பயம் இருக்காது.

"விலை கேக்கறாங்க, சொன்ன உடனே ஆளே காணோம்"

இது தான் நிறைய பேருக்கு இருக்கற வியாதி, இதுக்கு மருந்தும் சல்லிசு, அதனால இங்க கொஞ்சம் நின்னு பாப்போம். ஒரு பேச்சு எப்படி போகுதுன்னு பாருங்க.

ராத்திரி 9:40க்கு ஒரு அக்கா கேக்கறாங்க: "அந்த மாம்பழ மஞ்சள் சேலை என்ன விலை?"
உடனே ஆட்டோ ரிப்ளை: "வணக்கம், எங்களை தொடர்பு கொண்டமைக்கு நன்றி, விரைவில் பதிலளிப்போம்."
மறுநாள் காலைல 11:15க்கு கடைக்காரர்: "ஹாய் டியர், எந்த சேலை? ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்க."
அவங்க மதியம் அனுப்பறாங்க. சாயங்காலம் பதில்: "850 டியர்."
"ஷிப்பிங் எவ்ளோ?"
"எந்த ஊர் டியர்?"

அந்த அக்கா இந்நேரம் வேற பேஜ்ல வாங்கி ஜாக்கெட் தைக்கவும் குடுத்திருப்பாங்க. விலை ஜாஸ்தின்னு அவங்க போகல, ஒரு விலையை தெரிஞ்சுக்க ஒரு நாள் ஆகுதேன்னு தான் போனாங்க. மொத பதில்லயே இப்படி அனுப்பியிருந்தா கதையே வேற:

"850 ரூபா அக்கா, தமிழ்நாடு பூரா கூரியர் 60. மஞ்சள்ல 3 இருக்கு, மெரூன்ல 1. ஜாக்கெட் துணி சேலையோடயே வரும். நாளைக்கு மதியம் 2 மணிக்குள்ள சொன்னா நாளைக்கே அனுப்பிடறேன். எடுத்து வைக்கட்டுமா?"

இதை ஒவ்வொரு தடவையும் டைப் பண்ண தேவையில்ல, வாட்ஸ்அப் பிசினஸ்ல "குயிக் ரிப்ளை"னு இருக்கு, ஒரு சாய்கோடு போட்டு ஷார்ட்கட் அடிச்சா மொத்த மெசேஜும் வந்து நிக்கும், விலையையும் ஸ்டாக்கையும் மட்டும் மாத்தினா போதும். ஒரே நம்பரை இன்னும் நாலு டிவைஸ்ல இணைக்கலாம், அதனால ராத்திரி நேரம் வீட்டுல யாராவது ஒருத்தர் பாத்துக்கலாம், நிறைய விசாரணை வர்றதே வீட்டு வேலை முடிஞ்சு போனை எடுக்கற அந்த நேரத்துல தான். லேபிள் வசதியை பயன்படுத்துங்க, "விலை கேட்டவங்க", "பணம் பாக்கி", "அனுப்பியாச்சு"ன்னு மூணு போட்டாலே போதும். விலை கேட்டு போனவங்களுக்கு ரெண்டு நாள் கழிச்சு ஒரே ஒரு மெசேஜ், "அந்த மெரூன் போயிடுச்சுக்கா, மஞ்சள் ஒண்ணு இருக்கு, வேணுமா?"ன்னு. ஒண்ணு தான், தினமும் குட்மார்னிங் போட்டு உயிரை எடுக்காதீங்க.

விலையை போஸ்ட்லயே போடலாமா? போடுங்க. போட்டிக்காரன் பாத்துடுவான்னு மறைக்கறாங்க, அவன் இன்னொரு நம்பர்ல இருந்து உங்க கிட்டயே கேட்டு ஏற்கனவே தெரிஞ்சு வச்சிருப்பான்.

பதில் எல்லாம் சரியா குடுத்தும் பணம் போடற நேரத்துல நழுவறாங்கன்னா அது நம்பிக்கை பிரச்சனை. கேஷ் ஆன் டெலிவரி இல்லையான்னு கேக்கறாங்கன்னா உங்களை அவங்களுக்கு தெரியாதுன்னு அர்த்தம். அதுக்கு ஏற்கனவே வாங்கினவங்க அனுப்பின போட்டோவை அவங்க அனுமதியோட ஹைலைட்ஸ்ல வைங்க, பேக்கிங் பண்ற வீடியோ வைங்க, யுபிஐ ஐடில வர்ற பேரும் கடை பேரும் வேற வேறயா இருந்தா முன்கூட்டியே சொல்லிடுங்க, "கணவர் பேர்ல வரும் அக்கா"ன்னு. இந்த ஒரு வரி இல்லாம எத்தனை பேர் ஸ்கேன் பண்ணிட்டு பேரை பாத்து பின்வாங்கறாங்க தெரியுமா.

"பூஸ்ட் போட்டேன், காசு தான் போச்சு"

பூஸ்ட் போடறப்ப என்ன வேணும்னு அது கேட்டிருக்கும், நீங்க "புரொஃபைல் விசிட்"னு குடுத்திருப்பீங்க. நீங்க கேட்டதை அது குடுத்துடுச்சு, சும்மா தட்டிட்டு போற ஆளுங்களை தேடி கூட்டிட்டு வந்துச்சு. வாட்ஸ்அப்ல வந்து பேசணும்னா மெசேஜ் வர்ற மாதிரி தேர்ந்தெடுக்கணும், முடிஞ்சா பூஸ்ட்டை விட்டுட்டு கம்ப்யூட்டர்ல ஆட்ஸ் மேனேஜர்ல போடுங்க, ஊர் வயசு எல்லாம் அங்க தான் ஒழுங்கா கட்டுப்படுத்த முடியும். கரூர்ல பேக்கரி வச்சிருக்கவர் தமிழ்நாடு பூரா விளம்பரம் ஓட விடறதை எல்லாம் பாத்திருக்கேன், கன்னியாகுமரில இருந்து யார் வந்து பப்ஸ் சாப்பிடப் போறா, கடையை சுத்தி சில கிலோமீட்டர் வச்சா போதும்.

அடுத்த தப்பு, காலைல ஒண்ணு மாத்தறது சாயங்காலம் ஒண்ணு மாத்தறது. ஒரு ஆட் செட்டுக்கு (ஒரே குறி வச்சு ஓடற விளம்பரத் தொகுப்பு) ஒரு வாரத்துல சுமார் 50 ரிசல்ட் வந்தா தான் அந்த சிஸ்டம் கத்துக்கிட்டு நிலைக்கு வரும்னு இன்ஸ்டா, வாட்ஸ்அப்போட தாய் கம்பெனி மெட்டாவே சொல்லுது, நடுவுல பெருசா எதையாவது மாத்தினா மறுபடி மொதல்ல இருந்து. 300 ரூபா பட்ஜெட்டை மூணு ஆட் செட்டா பிரிச்சு, அதை தினமும் நோண்டிட்டே இருந்தா எந்த காலத்துலயும் கத்துக்காது. ஒண்ணா வைங்க, ஒரு வாரம் கையை கட்டிட்டு இருங்க.

கணக்கை நேர்மையா போடுங்க. 3,000 ரூபா விளம்பரம்னா 18 சதவீதம் ஜிஎஸ்டி சேத்து 3,540. அதுல 60 பேர் வந்து பேசி 6 பேர் வாங்கினா, ஒரு ஆர்டருக்கு 590 ரூபா விளம்பரச் செலவு. சேலைக்கு லாபமே 200 தான்னா ஒவ்வொரு சேலைக்கும் 390 கையை விட்டு போகுது. இங்க ஆட் செட்டிங்கை எவ்ளோ திருகினாலும் சரி வராது, 850 ரூபா சேலை ஒண்ணை புது ஆளுக்கு விளம்பரம் பண்ணி விக்கறதே கட்டுப்படி ஆகாத வியாபாரம். மூணு சேலை காம்போவா போடணும், இல்லன்னா லாபம் அதிகமான சரக்கை விளம்பரத்துல காட்டணும், இல்லன்னா வந்த ஆறு பேரும் அடுத்த முகூர்த்தத்துக்கு திரும்பி வர்ற மாதிரி பாத்துக்கணும். ஜிஎஸ்டி நம்பர் இருந்தா ஆட் அக்கவுண்ட்ல அதை சேத்து வைங்க, அந்த வரியை திரும்ப எடுக்க முடியுமான்னு உங்க ஆடிட்டர் சொல்லுவார்.

தீபாவளி சமயத்துல அதே ஆட்டுக்கு செலவு ஏறுதேன்னு பதறாதீங்க, விளம்பர இடம் கிடைக்கறது ஏலம் மாதிரி கூட இல்ல, ஏலமே தான், பெரிய ஜவுளிக்கடை பூரா அந்த நேரத்துல உள்ள வர்றாங்க. ஆவணி புரட்டாசிலயே புது ஆளுங்களை பிடிச்சு வச்சுட்டு ஐப்பசில அவங்களுக்கு வாட்ஸ்அப்ல காட்டுங்க. மார்கழில கல்யாண சேலை போகலன்னா ஆட்டையும் குறை சொல்லாதீங்க, தையை குறி வச்சு மார்கழி கடைசில ஆரம்பிங்க. போட்டிக்காரங்க என்ன ஆட் ஓட்டறாங்கன்னு "மெட்டா ஆட் லைப்ரரி"ல போய் பேரை போட்டா இலவசமா காட்டும், எது ரொம்ப நாளா நிறுத்தாம ஓடுதுன்னு பாருங்க.

"ரீல் போட்டேன், பாட்டு கட் ஆகிடுச்சு"

பிசினஸ் அக்கவுண்ட்டுக்கு சினிமா பாட்டு லைப்ரரி முழுசா கிடைக்காது, அது சொந்த உபயோகத்துக்கு மட்டும்னு தான் உரிமம். பர்சனலுக்கோ கிரியேட்டருக்கோ மாத்தினா பாட்டு வரும் தான், ஆனா வியாபாரத்துக்கு அதை பயன்படுத்தினா உரிமைப் பிரச்சனை அப்படியே தான் இருக்கு. மெட்டாவோட "சவுண்ட் கலெக்ஷன்"ல வியாபாரத்துக்கும் இலவசமா எடுத்துக்கற இசை இருக்கு. உங்க குரல் அதை விட நல்லா விக்கும்.

"வாட்ஸ்அப் நம்பரையே பேன் பண்ணிட்டாங்க"

காரணம் மூணுல ஒண்ணா தான் இருக்கும். யாரோ வித்த நம்பர் லிஸ்ட்டுக்கு மெசேஜ் அனுப்பியிருப்பீங்க, பல்க் சென்டர் சாஃப்ட்வேர் போட்டிருப்பீங்க, இல்ல ஜிபி வாட்ஸ்அப் மாதிரி டூப்ளிகேட் ஆப் வச்சிருப்பீங்க. தெரியாத நம்பர்ல இருந்து "ஆஃபர் ஆஃபர்"னு வந்தா ஜனங்க ரிப்போர்ட் பண்ணுவாங்க, நாலு பேர் பண்ணினா கதை முடிஞ்சுது. ஆப் தொறக்கறப்பவே மறுபரிசீலனைக்கு கேக்கற பட்டன் வரும், அதுல என்ன வியாபாரம்னு சுருக்கமா உண்மையை எழுதுங்க. டூப்ளிகேட் ஆப்பை தூக்குங்க.

பிராட்காஸ்ட் (ஒரே மெசேஜை லிஸ்ட்ல இருக்கற எல்லாருக்கும் தனித்தனியா அனுப்பறது) போடறேன், பாதி பேருக்கு போகலன்னு ஒரு கிளைப் புகார் வரும். ஒரு லிஸ்ட்ல 256 பேர் தான், அதுலயும் உங்க நம்பரை சேவ் பண்ணி வச்சிருக்கவங்களுக்கு மட்டும் தான் போகும். அதனால பார்சலுக்குள்ள ஒரு சின்ன சீட்டு வைங்க, "இந்த நம்பரை சேவ் பண்ணிக்கோங்க, புது சரக்கு வந்தா மொதல்ல உங்களுக்கு தான்"னு. 2023 செப்டம்பர்ல வந்த வாட்ஸ்அப் சேனலும் நல்ல வழி, வேணும்னு நினைக்கறவங்க தானா வந்து சேருவாங்க, யாரும் ரிப்போர்ட் பண்ண மாட்டாங்க.

"கூகுள் மேப்ல கடை காணோம்"

தேடினா வரல, ஆனா முழுப் பேர் போட்டா வருதுன்னா கூகுள் பிசினஸ் புரொஃபைல்ல (மேப்ல வர்ற உங்க கடை பக்கம்) கேட்டகரி தப்பா இருக்கும். துணிக்கடைன்னு பொதுவா வச்சிருக்கீங்களா, சேலைக்கடைன்னே வச்சிருக்கீங்களா பாருங்க. கூகுள் பாக்கறது மூணு: தேடினதுக்கு பொருந்துதா, எவ்ளோ தூரம், எவ்ளோ பேர் அறிஞ்ச கடை. தூரத்தை உங்களால மாத்த முடியாது, மத்த ரெண்டையும் பாருங்க.

மொத்தமா சஸ்பெண்ட்னு வந்தா பெரும்பாலும் பேர்ல கைவச்சது தான் காரணம். போர்டுல "ஸ்ரீ முருகன் சில்க்ஸ்"னு இருக்கும், மேப்ல "ஸ்ரீ முருகன் சில்க்ஸ் பெஸ்ட் வெட்டிங் சாரீஸ் ஹோல்சேல் ஈரோடு"ன்னு இருக்கும், தேடல்ல முன்னாடி வரணும்னு யாரோ எஸ்இஓ ஐடியா குடுத்திருப்பாங்க. பேரை போர்டுல இருக்கறபடி மாத்துங்க, அப்புறம் அப்பீல் பண்ணுங்க. ஆதாரம் சேக்க 60 நிமிஷம் தான் நேரம் குடுக்கும், அதனால அப்பீலை அழுத்தறதுக்கு முன்னாடியே பேப்பர் எல்லாம் ஸ்கேன் பண்ணி வச்சுக்கோங்க. நம்ம ஊர்ல கரண்ட் பில் பில்டிங் ஓனர் பேர்ல இருக்கும், அது உதவாது. ஜிஎஸ்டி சான்றிதழ், உத்யம் (சிறுதொழில் பதிவு) சான்றிதழ் மாதிரி கடை பேரும் விலாசமும் சேந்து இருக்கறது தான் வேணும். உத்யம் பதிவு அரசு தளத்துல இலவசம், அதுக்கு ஆயிரம் ரெண்டாயிரம்னு கேக்கற தளத்துல ஏமாறாதீங்க.

ரிவ்யூ போட்டா 10 சதவீதம் தள்ளுபடின்னு போர்டு வைக்கறது கூகுள் விதிப்படி தப்பு, கடைல வேலை பாக்கறவங்க போடறதும் தப்பு. ஒரு ஸ்டார் ரிவ்யூ வந்தா சண்டை போடாம என்ன நடந்துச்சுன்னு ரெண்டு வரி, போன் பண்ணுங்கன்னு ஒரு வரி. அதை படிக்கப்போறது அவர் இல்ல, அடுத்து வரப்போற ஆள்.

"இன்ஃப்ளூயன்சருக்கு காசு குடுத்தேன், பிரயோஜனம் இல்ல"

ஃபாலோவர் எண்ணிக்கையை பாத்து குடுத்திருப்பீங்க. அடுத்த தடவை காசு பேசறதுக்கு முன்னாடி அவங்க இன்சைட்ஸை ஸ்கிரீன் ரெக்கார்டிங்கா கேளுங்க, ஸ்கிரீன்ஷாட்டை எடிட் பண்ணிடலாம். பாக்கறவங்க எந்த ஊருன்னு பாருங்க, திருச்சி ஹோட்டலுக்கு சென்னை ஆடியன்ஸ் எதுக்கு. கொலாப் போஸ்ட்டா (ரெண்டு பேர் பேர்லயும் வர்ற போஸ்ட்) போட சொல்லுங்க, அப்ப தான் உங்க பேஜ்லயும் அது நிக்கும். காசு வாங்கி பண்றதுன்னு வெளிப்படையா காட்டணும், 2023 ஜனவரில மத்திய நுகர்வோர் துறை இதுக்கு வழிகாட்டுதலே வெளியிட்டிருக்கு, ஏமாத்தற விளம்பரத்துக்கு 10 லட்சம் வரைக்கும், திரும்ப பண்ணினா 50 லட்சம் வரைக்கும் அபராதம் போட சட்டத்துல இடம் இருக்கு.

"பணம் போட்டாச்சுன்னு ஸ்கிரீன்ஷாட் வந்துச்சு, அக்கவுண்ட்ல வரல"

ஸ்கிரீன்ஷாட்டை நம்பி பார்சல் கட்டாதீங்க, பேங்க் ஆப்ல பாத்துட்டு தான். அவ்ளோ தான் இதுக்கு.

"அக்கவுண்ட்டுக்குள்ள போகவே முடியல"

ரெண்டு விதம். ஒண்ணு, "உங்க பேஜ்ல காப்பிரைட் மீறல், 24 மணி நேரத்துல நீக்கப்படும், இங்க அப்பீல் பண்ணுங்க"ன்னு மெசேஜ்ல லிங்க் வந்திருக்கும், தட்டி பாஸ்வேர்டு குடுத்திருப்பீங்க. இன்ஸ்டாகிராம் நிஜமாவே அனுப்பின மெயில் எதுன்னு செட்டிங்ஸ்ல செக்யூரிட்டி பக்கத்துலயே லிஸ்ட் இருக்கும், அதுல இல்லன்னா போலி. போயிடுச்சுன்னா உடனே இன்ஸ்டாகிராம் டாட் காம் ஸ்லாஷ் ஹேக்டுங்கற பக்கத்துக்கு போங்க, மெயில் மாத்தினதா வந்த அறிவிப்புல திருப்பற லிங்க் இருந்தா அதை பயன்படுத்துங்க, ஸ்டேட்டஸ்ல "யாரும் பணம் அனுப்பாதீங்க"ன்னு போடுங்க, யாராவது பணம் இழந்திருந்தா சைபர் குற்ற உதவி எண் 1930க்கு போன் பண்ண சொல்லுங்க. டூ ஃபேக்டரை (பாஸ்வேர்டோட ஒரு கோடும் கேக்கற பூட்டு) இன்னைக்கே போடுங்க.

இன்னொண்ணு ஹேக்கே இல்ல. பேஜ் ஆரம்பிச்சு குடுத்த தம்பி வேற வேலைக்கு போயிட்டார், போனை எடுக்கல, எல்லாம் அவர் மெயில்ல இருக்கு. அவர் கூட நல்லா பேசிட்டு இருக்கறப்பவே இதை சரி பண்ணிடணும். இன்ஸ்டால மெயிலும் நம்பரும் உங்களோடதா, ஃபேஸ்புக் பேஜ்ல முழு கட்டுப்பாடு உங்களுக்கும் வீட்டுல இன்னொருத்தருக்கும் இருக்கா, ஆட் அக்கவுண்ட் யார் பேர்ல இருக்குன்னு பாருங்க. கூகுள் பிசினஸ் புரொஃபைல் அவர் கிட்ட மாட்டியிருந்தா மேப்ல உங்க கடையை தொறந்து உரிமை கேக்கற ஆப்ஷனை அழுத்துங்க, அவருக்கு 3 நாள் டைம் குடுக்கும், அவர் பதில் சொல்லலைன்னா நீங்களே வெரிஃபை பண்ணி எடுத்துக்கற ஆப்ஷன் வர வாய்ப்பு இருக்கு. அதுக்கு பெரும்பாலும் வீடியோ கேக்கும், ரோட்டுல இருந்து ஆரம்பிச்சு போர்டு, ஷட்டர் தொறக்கறது, உள்ள கல்லாப்பெட்டி வரைக்கும் ஒரே ஓட்டமா நடுவுல கட் பண்ணாம எடுத்து அனுப்புங்க.